மதகுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா? பணம் போடுவதற்கு முன்பு கணக்குப் போடுங்கள்!

*'மரக்காணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். கொஞ்சம் நெல் வயலும், குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்தியும் இருக்கின்றன. பாத்திக்கு உவர்நீர் இறைக்க ஆகும் டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. மழைக்காலத்தில் ஏரி மதகில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. கழிமுகத்தில் தினமும் கடல்நீர் ஏறி இறங்குகிறது. 'சின்ன டர்பைன் வைத்தால் மின்சாரம் இலவசம். நாலைந்து பேர் சேர்ந்து பணம் போடுங்கள்' என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?'*

இது மரக்காணத்து வாசகர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை. கல்வராயன்மலை, கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பக்கம் ஓடைக்கரையில் விவசாயம் செய்பவர்களுக்கும் இதே ஆசை வருவது இயல்பு. ஓடுகிற தண்ணீர் சும்மா போகிறதே என்ற எண்ணம் தப்பில்லை. ஆனால், ஓடுகிற தண்ணீரெல்லாம் மின்சாரம் ஆகிவிடாது. எவ்வளவு கிடைக்கும், எந்த மாதத்தில் கிடைக்கும், யார் அதைப் பயன்படுத்துவார்கள் என்று மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் போதும். பணம் போடலாமா, வேண்டாமா என்பது தெரிந்துவிடும். இதற்கு இன்ஜினீயர் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே போட்டுவிடலாம்.

லிட்டர் × மீட்டர் × 5

தண்ணீரிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. ஒன்று, நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது. இரண்டு, அது எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் விழுந்தால், அதில் இருக்கும் சக்தி 9.81 வாட். குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வீணாகும். சிறிய கருவிகளில் பாதிதான் கைக்கு வரும். அதனால் மனக்கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்.

நொடிக்கு வரும் லிட்டர் × விழும் உயரம் (மீட்டரில்) × 5 = கிடைக்கும் வாட்

நன்கு வடிவமைத்த பெரிய இயந்திரமாக இருந்தால் 5-க்குப் பதில் 7 அல்லது 8 போடலாம். அதற்கு மேல் யாராவது கணக்குச் சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

இப்போது மரக்காணத்துக் கணக்கைப் பார்ப்போம். ஏரியின் நீர்மட்டத்துக்கும் மதகுக்குக் கீழே உள்ள வாய்க்கால் மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மதகில் நொடிக்கு 50 லிட்டர் வெளியேறுகிறது. 50 × 1.5 × 5 = 375 வாட். அதாவது அரை ஹெச்.பி மோட்டார் அளவு. பார்க்கும்போது மதகில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும். ஆனால், அதில் உள்ள சக்தி இவ்வளவுதான்.

'நிறைய தண்ணீர் விட்டால் நிறைய கிடைக்குமே' என்று தோன்றும். 5 ஹெச்.பி மோட்டார் ஓட சுமார் 5,000 வாட் வேண்டும். அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதை எடுக்க, நொடிக்கு 667 லிட்டர் விட வேண்டும். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் 5.76 கோடி லிட்டர். 100 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் ஏரியில் இருப்பது சுமார் 40 கோடி லிட்டர். ஏழே நாளில் ஏரி காலி! அதுவும் ஏரி வடிய வடிய விழும் உயரமும் குறையும் என்பதால், கடைசி நாள்களில் மோட்டார் ஓடவே ஓடாது. ஒரே ஒரு மோட்டாருக்காக ஆயக்கட்டு முழுக்கக் காய வேண்டியிருக்கும். பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில் போகிற போக்கில் இரண்டு விளக்கு எரியவிடலாம். அதற்கு மேல் மதகை நம்ப முடியாது.

கடல் ஏற்றவற்றம் எவ்வளவு கொடுக்கும்?

கழிமுகத்தில் குட்டை வெட்டி, ஏற்றத்தின்போது கடல்நீரைப் பிடித்து, வற்றத்தின்போது டர்பைன் வழியாக வெளியே விடுவது இன்னொரு யோசனை. இது உலகத்தில் இல்லாத ஒன்றில்லை. பிரான்ஸ் நாட்டில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966-ம் ஆண்டிலிருந்து 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. ஆனால், அங்கே கடல் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. நம் சோழமண்டலக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களிலேயே ஏற்றவற்ற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். இடைப்பட்ட நாள்களில் அதில் பாதிகூட இருக்காது.

ஒரு ஏக்கர் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீரைப் பிடித்து, அதை முழுவதும் வடியவிட்டால் ஒரு தடவைக்குச் சுமார் இரண்டே முக்கால் யூனிட் கிடைக்கும். நாளுக்கு இரண்டு வற்றம், ஆக ஐந்தரை யூனிட். இது நல்ல நாள் கணக்கு. ஏற்றவற்றம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். ஏனென்றால், பிடிக்கும் தண்ணீரும் பாதி, விழும் உயரமும் பாதி. ஒரு ஏக்கர் நிலம், கரை, ஷட்டர், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காத டர்பைன் என இத்தனை செலவு செய்து, பெரும்பாலான நாள்களில் மூன்று யூனிட்டுக்குக் கீழே எடுப்பது வியாபாரம் ஆகாது.

சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கழுவேலியில் சேர்ந்து, கழிமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதன் நீர்வழியில் நினைத்தபடி கரை போட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தண்ணீர் வரும் மாதம் வேறு, தேவைப்படும் மாதம் வேறு

மேலே சொன்ன இரண்டையும்விட முக்கியமான கணக்கு இது. மரக்காணத்தில் ஏரி நிரம்பி மதகு ஓடுவது வடகிழக்குப் பருவமழையில். அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மாதங்களில் உப்பளம் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். இறைப்பதற்கு வேலையே இருக்காது. தை பிறந்து பாத்தியைச் சீர்செய்து உவர்நீர் இறைக்கத் தொடங்கும்போது, ஏரி வடியத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் உப்பு நன்றாக விளைந்து, மோட்டார் ஓய்வில்லாமல் ஓட வேண்டிய நாள்களில் மதகு காய்ந்துவிடும்.

எந்த ஊரில் நீர்மின் திட்டம் பேசினாலும் இதை முதலில் செய்யுங்கள். ஒரு தாளில் தை முதல் மார்கழி வரை 12 கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று மேலே எழுதுங்கள். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கீழே எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத மாதங்களை வட்டமிடுங்கள். விற்பவர் காட்டும் விளம்பரத் தாளில் இருக்கும் கிலோவாட் எண், நல்ல மழை மாதத்துக்கானது. உங்கள் பணத்தைக் காப்பாற்றுவது அந்த வட்டமிட்ட மாதங்கள்தான்.

சாத்தனூர் சொல்லும் செய்தி

'அப்படியென்றால் சாத்தனூர் அணையில் மட்டும் எப்படி எடுக்கிறார்கள்?' என்று கேட்கலாம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த அணை அது. நீர்மட்ட உயரம் 119 அடி. அங்கே 7.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. இந்தியாவில் 25 மெகாவாட் வரை உள்ளவற்றைச் சிறு நீர்மின் நிலையம் என்று வகைப்படுத்துகிறார்கள் என்பதால், மரக்காணத்து வாசகர்கள் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கும் சிறு நீர்மின் நிலையம் இது.

அங்கே சாத்தியமானதற்குக் காரணம் உயரம். 30 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 7.5 மெகாவாட் எடுக்க நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன அடி தண்ணீர் போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளத்தால் டர்பைனுக்கு எந்த லாபமும் இல்லை. அது குடிக்கும் அளவு ஒன்றுதான். வெள்ளம் வருவதைப் பார்த்து டர்பைன் வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மேலும், அது மாநில மின் தொடரமைப்போடு இணைந்த நிலையம். அணையில் தண்ணீர் இல்லாமல் நின்றுபோனாலும் ஊரில் விளக்கு எரியும். தனித்து நிற்கும் கிராமத்துத் திட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மலைக் கிராமத்தில் கணக்கு எப்படி மாறும்?

மின்கம்பி போகாத இடத்துக்குத் தண்ணீரால் மின்சாரம் கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1897-லேயே டார்ஜிலிங் நகராட்சிக்காக சித்ராபோங் என்ற இடத்தில் 130 கிலோவாட் நிலையம் அமைத்தார்கள். இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். மலையில் உயரம் தாராளமாகக் கிடைப்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும்.

ஓடையை அளப்பதும் சுலபம். வாய்க்காலில் நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் குறித்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிடுங்கள். அது 20 நொடியில் கடந்தால் வேகம் அரை மீட்டர். வாய்க்காலின் அகலம் 40 சென்டிமீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால், 0.4 × 0.2 × 0.5 = 0.04 கன மீட்டர், அதாவது 40 லிட்டர். அடியிலும் கரையிலும் தண்ணீர் மெதுவாக ஓடும் என்பதால் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 லிட்டர். உயரத்தை அளக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் போதும். ஆளுயரம் ஆளுயரமாக இறங்கி அளந்து கூட்டிக்கொள்ளலாம்.

உயரம் 40 மீட்டர் என்றால், 30 × 40 × 5 = 6,000 வாட். 40 வீடுகளுக்குத் தலா 150 வாட். விளக்கு, ஃபேன், டிவி ஓடும். இதே ஓடையில் சித்திரை மாதம் நொடிக்கு 12 லிட்டர்தான் வருகிறது என்றால், 2,400 வாட். வீட்டுக்கு 60 வாட். அந்த மாதங்களில் 60 வாட்டுக்கு ஊர் ஒப்புக்கொள்ளுமா என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும். ஓடையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் குழாயில் திருப்பக் கூடாது. கீழே இருப்பவர்களின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் விட்டது போக மீதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

யூனிட் விலை: இரவு விளக்கு மட்டும் போதாது

அடுத்தது காசுக் கணக்கு. எடுத்துக்காட்டாக, இந்தத் திட்டத்துக்கு 12 லட்சம் ரூபாய் செலவு, 20 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

- ஆண்டுத் தேய்மானம்: 60,000 ரூபாய்
- பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் (மாதம் 5,000): 60,000 ரூபாய்
- பேரிங், பெல்ட், குழாய் பழுது: 30,000 ரூபாய்
- ஆண்டுச் செலவு: 1,50,000 ரூபாய் (வட்டி தனி)

ஒன்பது மாதம் 6 கிலோவாட்டும், மூன்று மாதம் 2.4 கிலோவாட்டும், இரவில் நான்கு மணி நேரம் மட்டும் பயன்படுத்தினால், ஆண்டுக்குச் சுமார் 7,460 யூனிட். யூனிட் விலை 20 ரூபாய். அதே இயந்திரத்தில் ஒன்பது மாதங்களுக்குப் பகலில் மாவு மில்லோ, மிளகு உலர்த்தும் கருவியோ 4 கிலோவாட் அளவில் ஆறு மணி நேரம் ஓடினால், 14,000 யூனிட்டைத் தாண்டும். விலை பத்தே முக்கால் ரூபாய்க்குக் கீழே வந்துவிடும். தண்ணீரும் அதே, டர்பைனும் அதே. பகல் வேலை சேர்ந்ததால் விலை கிட்டத்தட்ட பாதியாகிறது. பகலில் யார் வாங்குவார் என்பதற்குப் பதில் இல்லாத திட்டம், கடனை அடைக்கத் திணறும்.

கம்பி வந்துவிட்டால் என்ன ஆகும்?

இலங்கையில் ரத்தினபுரி, கேகாலை, நுவரெலியா மாவட்டங்களின் மலைக் கிராமங்களில் இந்த முறை பெரிய அளவில் நடந்தது. 1997-ல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டமும், 2002-ல் வந்த அடுத்த திட்டமும் கடன், மானியம் கொடுத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, தாங்களே வாய்க்கால் வெட்டி, தாங்களே கட்டணம் வசூலித்து மின்நிலையம் நடத்தின. வீட்டுக்கு இத்தனை வாட் என்று அளவு வைத்திருந்தார்கள். பிறகு அரசு மின்கம்பி அந்தக் கிராமங்களுக்கே வந்தது. அளவில்லாத மின்சாரம் கிடைத்ததும் மக்கள் அதற்கு மாறினார்கள். சங்கங்களில் பெரும்பாலானவை மின்நிலையத்தை நிறுத்திவிட்டன. தொடரமைப்போடு இணைத்து மின்சாரத்தை விற்கும் நிலைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மாங்குளம் கிராமப் பஞ்சாயத்து 110 கிலோவாட் நிலையம் அமைத்துத் தன் மக்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அங்கும் மின்வாரியக் கம்பி வந்தது. பின்னாளில் மின்வாரியத்துக்கு விற்கும் வழிக்கு மாறியது. உழைத்துக் கட்டிய மக்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்கம்பி வந்தால் நம் நிலையம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதல் நாளே எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் பாடம். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 14-வது பிரிவு, அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதிகளில் உரிமம் இல்லாமலேயே மின்சாரம் உற்பத்தி செய்து வினியோகிக்க இடம் தருகிறது. ஆனால், உபரியை மின்வாரியத்துக்கு விற்பதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும்.

மரக்காணத்துக்கு எது பொருந்தும்?

அந்த 12 கட்டத் தாளை மறுபடியும் எடுங்கள். உப்பு விளையும் மாதங்களில் எது அதிகமாகக் கிடைக்கிறது? வெயில்தான். வெயில் அடித்தால் பாத்தி காய்கிறது, இறைக்க வேண்டியிருக்கிறது. அதே வெயிலில் சோலார் பேனலும் மின்சாரம் தருகிறது. மேகம் மூடினால் மின்சாரம் குறைகிறது, இறைக்கும் தேவையும் குறைகிறது. இரண்டும் கைகோத்துப் போவதால் பேட்டரி இல்லாமலேயே பகலில் ஓட்டலாம். தொட்டியில் உவர்நீரைத் தேக்கி வைப்பதே மின்சாரத்தைத் தேக்கி வைப்பது மாதிரிதான்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட். இடம் சுமார் 500 சதுர அடி, அதாவது ஒன்றேகால் சென்ட்டுக்கும் குறைவு. ஒரு ஏக்கர் கடல்நீர்க் குட்டை நல்ல நாளில் தரும் ஐந்தரை யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குஜராத்தில் சின்ன ரான் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகாரியா மக்களும் டீசல் செலவில் வருமானத்தை இழந்துகொண்டிருந்தவர்கள்தான். 'சேவா' பெண்கள் அமைப்பின் முயற்சியாலும், பிறகு அரசு மானியத்தாலும் அங்கே சோலார் பம்ப் பரவியது. பலர் டீசல் இன்ஜினை விற்றுவிடாமல், இரவு இறைப்புக்காக வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படிப் பகுதி பகுதியாக மாறுவது நல்லது.

நெல் வயல் கிணற்றுக்கு மானியத்தில் சோலார் பம்ப் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகுங்கள். அந்த மானியம் பயிர்ப் பாசனத்துக்கானது. உப்பளத்துக்குப் பொருந்தும் திட்டம் எது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

தொடர்ந்து எழும் இரண்டு கேள்விகள்

*'உப்புக் காற்றில் பேனல் தாங்குமா?'*

தாங்கும்படி வாங்க வேண்டும். உப்புப் பனியில் அரிக்காது என்பதற்கான ஐ.இ.சி. 61701 சோதனைச் சான்று உள்ள பேனலைக் கேளுங்கள். தாங்கும் சட்டம் அலுமினியமாகவோ, சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாகவோ இருக்கட்டும். நட்டு, போல்ட்டு எவர்சில்வரில் வேண்டும். பேனலை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்நீரால் கழுவினால் உப்பு படிந்து மின்சாரம் குறையும். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த கரை இது. கான்கிரீட் அஸ்திவாரமும் காப்பீடும் இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

*'பழைய பம்ப்செட்டையே திருப்பி டர்பைனாக ஓட்டலாமாமே?'*

ஓட்டலாம். மலைப் பகுதிகளில் செலவைக் குறைக்கச் சில இடங்களில் செய்கிறார்கள். தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தினால் பம்ப் டர்பைன் மாதிரிச் சுற்றும். ஆனால், தண்ணீரின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் திறன் சட்டென்று சரிந்துவிடும். ஆண்டு முழுக்க ஒரே அளவு தண்ணீர் வரும் ஓடைக்கு மட்டுமே சரிப்படும். ஒன்றரை மீட்டர் மதகுக்குப் பொருந்தாது.

பணம் கொடுக்கும் முன்பு விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. தண்ணீர் குறைந்த மாதத்தில் எத்தனை வாட் தருவீர்கள்? எழுதிக் கொடுங்கள்.
2. நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? எந்தத் தேதியில் அளந்தீர்கள்?
3. இதே கருவி இரண்டு கோடை தாண்டி ஓடும் இடத்தைக் காட்ட முடியுமா?
4. பழுதானால் யார், எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?
5. பொதுப்பணத்தில் வாங்கினால் யார் பெயரில் ரசீது? வசூல், பராமரிப்புக் கணக்கு யார் கையில்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு எண்ணோடு பதில் வராவிட்டால், மற்றவற்றைக் கேட்க வேண்டியதே இல்லை. கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மரக்காணத்து வாசகருக்கு எங்கள் பதில்: மதகுக்கும் கழிமுகத்துக்கும் டர்பைன் வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் உங்கள் ஒரு மாத டீசல் செலவையும், மோட்டார் ஓடும் மணி நேரத்தையும் தினமும் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்போடு வந்தால், உங்கள் பாத்திக்கு எத்தனை கிலோவாட் சோலார் போதும், எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்கிட்டுச் சொல்கிறோம்.